பாத ரக்ஷணமும் அதற்கு வேண்டிய ஊழியரும்

சென்னை நகரின் வடபாலுள்ள காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் பொழுது புலருமுன்பே ஏலம் தொடங்கிவிடுகிறது. விசைப்படகுகளிலிருந்து மீன்கூடைகள் இறங்குகின்றன, பனிக்கட்டிகள் உடைக்கப்படுகின்றன, தள்ளுவண்டிகள் நெருக்குகின்றன. உப்புநீரும் பனிக்கட்டி கரைந்த நீரும் மீன் செதில்களும் கலந்து தரையெங்கும் ஓடுகின்றன. அந்நீரில் மணிக்கணக்காக நிற்போரில் வெறுங்காலினர் அநேகர். செருப்பணிந்து வருபவருங்கூடப் படகில் ஏறும்போது வழுக்குமென்று அதனைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். சிப்பியோடு, தூண்டில் முள், கெளுத்தி முள், வலையிற் சிக்கிய கம்பித் துண்டு ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று காலிற் பட்டுக் கொண்டேயிருக்கும். பட்ட இடத்தைக் கடல்நீரால் அலம்பிவிட்டு வேலையைத் தொடர்வதே அங்கு வழக்கம்.

உடல்நலமுள்ளவனுக்கு இவ்வழக்கத்தால் பெரும்பாலும் பெருந்தீங்கு நேர்வதில்லை. குத்தினால் அவனுக்கு வலிக்கிறது. வலிப்பதால் நொண்டி நடக்கிறான். நொண்டி நடப்பதால் புண்ணின்மீது பாரம் விழுவதில்லை. சில நாட்களில் புண் ஆறிவிடுகிறது. வலி என்பது உடலுக்கு வாய்த்த காவற்காரன். நீரிழிவு நெடுநாள் நீடித்தவரிடத்தில் இந்தக் காவற்காரன் சிறிது சிறிதாக உறங்கிப் போகிறான். கால் நரம்புகள் மரத்துப் போவதே அதற்குக் காரணம். பலருக்குக் காலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களும் சுருங்கி, ரத்த ஓட்டம் குறைகிறது. சர்க்கரை மிகுந்த உடம்பில் விஷக்கிருமிகள் எளிதிற் பெருகுகின்றன. ஆகவே மற்றவருக்கு அற்பமாகத் தோன்றும் கீறல் நீரிழிவுள்ளவருக்குக் காலையே இழக்கச் செய்யும் காரணமாகலாம்.

இஃது எவ்வாறு நேர்கிறதென்பதை விளக்க, நாற்பத்தெட்டு வயதுள்ள படகுத் தொழிலாளி ஒருவரைப் பாவித்துக் கொள்வோம். அவருக்கு நீரிழிவு பத்தாண்டுகளாக இருக்கிறது. பெருவிரலின் அடியில் காய்ப்புக் கட்டியிருக்கிறது, வலியில்லை, ஆதலால் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. காய்ப்புத் தடிக்கத் தடிக்க, செருப்பினுள் ஒரு கூழாங்கல்லை வைத்து நடப்பது போன்று உள்ளிருக்கும் தசை நசுங்குகிறது. ஒரு நாள் காய்ப்பின் நடுவில் கருநிறம் காண்கிறது; அதன் கீழே ரத்தம் கட்டியிருக்கிறது. பின்னொரு நாள் அது வெடித்து நீர் கசிகிறது. அவர் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பிக் கடலுக்குச் சென்றுவிடுகிறார். ஐந்தாறு நாட் கழித்துத் திரும்புகையில் துர்நாற்றம் வீசுகிறது. அதனை முதலில் உணர்பவள் அவர் மனைவி. வைத்தியசாலை சேர்ந்தபோது சீழ் எலும்பு வரை சென்றிருக்கிறது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று வெட்ட நேர்கிறது. படகிற் பங்கு போகிறது, வட்டிக்கடன் ஏறுகிறது, பள்ளி சென்ற பிள்ளை துறைமுகத்தில் கூடை சுமக்கப் போகிறான்.

இக்கதையில் கவனிக்கற்பாலது யாதெனில், காய்ப்பு, கருநிறம், கசிவு ஆகிய மூன்று கட்டங்களிலும் அவரது கால் காப்பாற்றக் கூடியதாகவே இருந்தது. பெரிய சஸ்திர வைத்தியர் எவரும் அப்போது தேவைப்படவில்லை. காலைத் தூக்கிப் பார்க்கவும், பார்த்ததை இன்னதென்று அறியவும், காய்ப்பைப் பக்குவமாகச் சீவிவிடவும், தக்க செருப்பைத் தரவும் தெரிந்த ஒரு ஊழியர் இருந்தாற் போதும். அவ்வாறான ஊழியர் அவருக்கு எட்டிய தூரத்தில் ஒருவரும் இல்லை. நீரிழிவு காரணமாகக் கால்களை இழப்போரில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பத்தைவருக்கு, முதலில் காலில் ஒரு புண்ணே தோன்றியிருந்ததென வைத்திய நூலார் கணக்கிட்டிருக்கின்றனர். புண்ணைத் தடுப்பின் காலைக் காக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தேவையின் அளவு

இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தார் நாடு முழுவதும் நடத்திய நீரிழிவுக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. அவற்றின்படி இந்தியாவில் நீரிழிவுள்ளோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர். தமிழ்நாட்டில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு இவ்வியாதி உண்டு. இவர்களிற் பலர் தமக்கு வியாதியுள்ளதை அறியாமலே நடமாடுகின்றனர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இராஜ்யத்தில் வயது வந்தோர் ஐந்து கோடி என்று குறைத்தே வைத்துக் கொண்டாலும் நீரிழிவுள்ளோர் 72 லட்சம் ஆகின்றனர். ஒவ்வொருவர் பாதத்தையும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் சோதிக்க வேண்டுமென்பது சர்வதேச நிபுணர்களின் விதி. ஒரு சோதனைக்குக் கால் மணி நேரம் என்றால் 18 லட்சம் மணி நேரம் வேண்டும். ஒருவர் தினம் ஆறு மணி வீதம் வருஷத்தில் 250 நாட்கள் வேறு எவ்வேலையும் செய்யாது இதனையே செய்தால் 1,500 மணி நேரம் ஆகும். ஆக, வருஷாந்தரச் சோதனைக்கு மட்டுமே 1,200 முழுநேர ஊழியர் வேண்டியவராகின்றனர். புண் கண்டபின் கட்டுப் போடுதல், காய்ப்புச் சீவுதல், செருப்புச் செய்தல் ஆகியன இக்கணக்கிற் சேரவில்லை.

இங்கிலாந்தில் பாத சிகிச்சை என்பது தனித்ததொரு தொழில். மூன்று வருஷம் கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்று, சட்டப்படி பதிவு செய்து கொண்டவர் மட்டுமே அப்பெயரைச் சூடிக்கொள்ளலாம். இந்தியாவில் இத்தொழில் இப்போதுதான் தளிர் விடுகிறது. கொச்சி அமிர்தா வைத்தியசாலையைப் போன்ற சில இடங்களில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. வைத்தியத் துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் பொருட்டு 2021-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மத்திய சட்டத்தின் அட்டவணையில் பாத சிகிச்சையாளர் என்ற பெயரும் இடம்பெற்றுள்ளது. பெயர் சட்டத்தில் ஏறிவிட்டது. பெயருக்குரிய ஆட்கள் வேண்டும். கல்லூரிகள் பெருகிப் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் வெளிவரும் வரையில் காசிமேட்டுத் தொழிலாளியின் காய்ப்புக் காத்திருக்கப் போவதில்லை.

வேலூரிற் பிறந்த பாடம்

மரத்துப் போன காலைக் காக்கும் வித்தையை உலகத்துக்குக் கற்பித்த இடங்களுள் தமிழ்நாடும் ஒன்றென்பதைப் பலர் அறியார். 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு என்னும் சஸ்திர வைத்தியர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் விரல்கள் தாமாக உதிர்ந்து விழுகின்றன என்றும், அவர்களது சதை இயல்பாகவே ஆறாத தன்மையுடையது என்றும் அக்காலத்தில் வைத்தியரும் நம்பியிருந்தனர். பிராண்டும் அவருடன் உழைத்தவரும் நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்தனர். பூட்டில் திரும்பாத சாவியை அழுத்தித் திருப்பி விரலைக் கிழித்துக் கொள்பவரையும், அடுப்பில் விழுந்ததை வெறுங்கையால் எடுப்பவரையும் கண்டனர். இரவில் உறங்குகையில் எலிகள் விரல்களைக் கடிப்பதும் புலனாயிற்று. நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்ததும் அவ்விதச் சேதம் நின்றது. சதையிற் குற்றமில்லை, வலியின்மையே குற்றம் என்பது இவ்வாறு நிரூபணமாயிற்று.

பாத விஷயத்திலும் அவ்வாறே. புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாரம் ஓரிடத்தில் விழாது பரவச் செய்தால், வருஷக்கணக்காக ஆறாதிருந்த புண்கள் ஆறின. ஆறியபின் வெறுங்காலுடனோ கடினமான செருப்புடனோ நடந்தால் அதே இடத்தில் மறுபடியும் வந்தன. ஆகவே மெத்தென்ற நுண்துளை ரப்பரை அடியில் வைத்துச் செருப்புச் செய்யும் முறை வகுக்கப்பட்டது. இங்கேதான் கூட்டுறவுச் சங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அச்செருப்புகளைத் தைக்கவும், கட்டுகளைப் போடவும், கால்களை நாள்தோறும் பார்வையிடவும் பயிற்றப்பட்டவர் பெரும்பட்டம் பெற்றவரல்லர். செருப்புத் தைப்போரும், வைத்தியசாலைச் சிப்பந்திகளும், நோயினின்று தேறிய இளைஞருமே. பிராண்டு 1966-இல் அமெரிக்காவின் லூயிசியானா இராஜ்யத்திலுள்ள கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்றபின், நீரிழிவுக்காரரின் மரத்த கால்களுக்கும் இதே முறை பொருந்துமென்று அங்குள்ளோருக்குக் காட்டினார். வேலூரில் கற்ற வித்தை கடல் கடந்து செல்வ நாட்டினரின் காலைக் காத்தது. அஃது உள்ளூர்க் கடற்கரைக்கு வந்து சேர்வதில் தாமதம் நேர்ந்ததுதான் வியப்பு.

ராயபுரத்தின் அனுபவம்

காசிமேட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே இருக்கிறது ராயபுரம். அங்கு பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-ஆம் ஆண்டில் நீரிழிவுக்கெனவே ஒரு வைத்தியசாலையை நிறுவினார். எம்.வி. நீரிழிவு வைத்தியசாலை என வழங்கும் அந்நிலையத்தார் பாத ரக்ஷணத்தைத் தமது விசேஷ வேலையாக மேற்கொண்டு, செய்ததன் பலனைக் கணக்கிட்டும் வெளியிட்டிருக்கின்றனர். விஜய் விஸ்வநாதனும் அவரது சகாக்களும் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை குறிப்பிடத்தக்கது. 4,872 நீரிழிவு நோயாளரைச் சோதித்து, அவர்களுள் அபாய நிலையிலுள்ள பாதமுடையோர் 1,259 பேருக்குக் காலைப் பேணும் முறைகளை விரிவாகப் போதித்து, ஒன்றரை வருஷம் கவனித்து வந்தனர். சொன்னபடி நடந்தவரில் நூற்றுக்கு 82 பேருக்குப் புண் ஆறியது. நடவாதவரில் 50 பேருக்கே ஆறியது. சஸ்திர சிகிச்சை தேவைப்பட்டது முந்தினவரில் நூற்றுக்கு மூவருக்கு, பிந்தினவரில் பதினால்வருக்கு.

இவ்வித்தியாசத்தை உண்டாக்கியது விலையுயர்ந்த மருந்தன்று. போதனையும் அதன்படி நடத்தலுமே. ஆனால் போதனை என்பது சுவரில் ஒட்டும் விளம்பரத் தாளாலோ, ஒலிபெருக்கியில் ஒரு முறை கூவுவதாலோ நடவாது. காலைக் கையிலெடுத்து, "அம்மா, இந்தக் காய்ப்பு போன மாதத்தைவிடத் தடித்திருக்கிறது, பாருங்கள்" என்று காட்டிச் சொல்லும் ஒருவர் வேண்டும். அதே வைத்தியசாலையாரும் அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடிச் செய்த மற்றொரு சோதனையின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. மெத்தென்ற அடித்தளமிட்ட செருப்பணிந்தவரைவிட, வழக்கமான கடின அடித்தோற் செருப்பணிந்தவருக்குப் புதுப்புண்கள் பன்மடங்கு மிகுதியாகத் தோன்றின என்பது அதிற் கண்டது.

ஊழியரைப் பயிற்றுவதற்கும் முன்மாதிரி உண்டு. 2004-ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவின் டான்சானியாவிலும் "படிப்படியாக" என்னும் பெயருடைய ஒரு திட்டம் நடத்தப்பட்டது. ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் சேர்ந்து ஜோடியாக வரவேண்டுமென்பது அதன் விதி. முதலில் சில நாட்கள் அடிப்படைப் பயிற்சி. பின்னர் கருவிப்பெட்டியுடன் தம் ஊருக்குச் சென்று ஒரு வருஷம் வேலை செய்தல். அதன்பின் தாம் கண்ட நோயாளிகளின் குறிப்புகளுடன் திரும்பி வந்து மேற்பயிற்சி பெறுதல். இவ்வாறு இந்தியாவில் தொண்ணூறு ஜோடிகளுக்கு மேல் தயாராயினர். தனித்து ஒருவரைப் பயிற்றியிருந்தால், அவர் மாற்றலாகிப் போனதும் வேலை நின்றிருக்கும். வைத்தியருக்கு மட்டும் கற்பித்திருந்தால் கட்டுப் போடும் கை இருந்திராது. ஜோடியாக அழைத்தது மிக்க விவேகமான ஏற்பாடென்றே சொல்ல வேண்டும். இடையில் ஒரு வருஷம் ஊரில் உழைக்கச் செய்ததும் அவ்வாறே. நீந்தக் கற்பவன் கரையிலேயே பாடங் கேட்டு முடிப்பதில்லை.

கிராம ஊழியருக்குக் கற்பிக்க வேண்டுவது

பாத ஊழியர் ஒருவர் அறிய வேண்டியவை அதிகமில்லை. ஆனால் அறிந்தவற்றை ஐயமின்றி அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பார்த்தல். விரலிடுக்குகளில் சேற்றுப்புண் உண்டா, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழ்ந்திருக்கிறதா, ஆணிக்கால், காய்ப்பு, நகச்சுற்று, கொப்புளம், நிறமாற்றம் ஏதேனும் உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் மேலும் கீழும் பார்க்க வேண்டும். மீன் விற்கும் ஸ்திரீகள் ஈரத்திலேயே நிற்பதால் அவர்களிடம் விரலிடுக்கைச் சோதியாது விடலாகாது. செருப்பையும் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். உள்ளே துருத்திய ஆணியை அணிந்திருப்பவர் உணர்ந்திரார்.

இரண்டாவது, உணர்ச்சியை அறிதல். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை இதற்கெனக் கிடைக்கிறது. அது கிடைக்காத இடத்திலும் வேலை நிற்க வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து வைத்தியர்கள் 2011-இல் வெளியிட்ட முறைக்கு விரல்நுனியே கருவி. நோயாளியைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு விநாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தலும் தட்டலும் கூடாது. ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தொட்டதை அவர் உணராவிடில், உணர்ச்சி குறைந்திருக்கிறதென்று கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதனை ஒரு நாழிகையிற் கற்கலாம்.

மூன்றாவது, நாடி பார்த்தல். புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடி துடிப்பதை விரலால் உணரப் பழக வேண்டும். இதற்குச் சில வாரப் பழக்கம் தேவை. பயிற்சியில் பெரும்பொழுது இதற்கே செலவிடத்தக்கது. பாதம் குளிர்ந்து நாடியும் தட்டுப்படாவிடில் ஊழியர் தாமே எதையும் செய்யாது வைத்தியரிடம் அனுப்பக் கடவர்.

நான்காவது, சிறு சிகிச்சைகள். நகத்தை நேராக வெட்டுதல், காய்ப்பைச் சீவுதல், தூய கட்டுப் போடுதல் ஆகியன இதில் அடங்கும். காய்ப்புச் சீவுதலை வைத்தியசாலையில் தேர்ந்தவர் மேற்பார்வையில் பலமுறை செய்து கைதேர்ந்தாலன்றிக் கிராமத்தில் தொடங்கலாகாது. நோயாளிகள் தாமே பிளேடால் சீவிக் கொள்வதும், கடையில் வாங்கிய ஆணிக்கால் பசையை ஒட்டிக்கொள்வதும் எத்தனையோ கால்களைக் கெடுத்திருக்கின்றன.

ஐந்தாவது, அனுப்ப வேண்டியதை அறிதல். இதுவே அனைத்திலும் முக்கியமானது. புண், சீழ், துர்நாற்றம், கருநிறம், பரவும் சிவப்பு, காய்ச்சலோடு கூடிய வீக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றைய தினமே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் சந்தை முடிந்து போகலாம் என்பதற்கு இடமில்லை. வலியில்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடேறி வீங்கியிருந்தால் உள்ளே எலும்புகள் நொறுங்கிக் கொண்டிருக்கலாம். அத்தகையவரை நடக்கவிடாமல் வாகனத்தில் ஏற்றியே அனுப்ப வேண்டும். புண்ணில்லையே என்று இதனை அசட்டை செய்வது வைத்தியரிடத்திலும் காணப்படும் பிழை.

இவற்றுடன், வீட்டிற் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. தினம் இரவில் கால்களைப் பார்க்க வேண்டும். அடிப்பாதம் தெரியாதவர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை குன்றியவருக்குப் பேரக்குழந்தை பார்த்துச் சொல்லலாம். கழுவியபின் விரலிடுக்கைத் துணியால் ஒற்ற வேண்டும். வெந்நீரில் காலை ஊறவைத்தலும், குளிர்காய நெருப்பருகே நீட்டலும் கூடாது. மரத்த கால் வெந்து போவதை அறியாது. வெயிலேறிய கோவிற் பிராகாரத்தில் வெறுங்காலுடன் வலம் வந்து உள்ளங்கால் கொப்புளித்தவர் உண்டு. அத்தகையோர் விடியற்காலையிற் செல்வது நன்று. தெய்வம் அதனைக் குறையாகக் கொள்ளாது.

சங்கத்தின் பங்கு

ஆயிரம் வயது வந்தோர் வாழும் ஒரு குப்பத்தையோ கிராமத்தையோ எடுத்துக் கொள்வோம். மேற்சொன்ன விகிதப்படி அங்கு நீரிழிவுள்ளோர் 144 பேர் இருக்கலாம். சர்வதேச நிபுணர் விதிப்படி, பாதம் நல்ல நிலையிலுள்ளவருக்கு வருஷத்துக்கு ஒரு சோதனை போதும். உணர்ச்சி மட்டும் குறைந்தவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கொரு முறை. உணர்ச்சிக் குறைவோடு கால் உருவமும் மாறியவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை. முன்னர்ப் புண் வந்து ஆறியவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கொரு முறை. ஒவ்வொன்றிலும் குறுகிய இடைவெளியையே கணக்கிற் கொள்வோம். இந்நான்கு வகுப்பினரும் முறையே 100, 30, 10, 4 பேர் என்று உத்தேசமாகக் கொள்வோம். வருஷத்தில் 100, 60, 40, 48 ஆக மொத்தம் 248 சோதனைகள். கால் மணி வீதம் 62 மணி நேரம். அதாவது ஒரு ஊழியர் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கினாற் போதும்.

இராஜ்யக் கணக்கைக் கண்டு மலைத்தவர் இக்கணக்கைக் கண்டு தெளியலாம். 1,200 முழுநேர ஊழியரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது சர்க்காருக்கும் கஷ்டம். ஆனால் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் செலவிடக்கூடிய ஒருவர் இல்லாத ஊர் இல்லை. அவருக்குப் பயிற்சியும், பயிற்சிக்குப் பின் துணைநிற்கும் வைத்தியசாலையும், சிறிது படியும் மட்டுமே தேவை.

தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பெண் தொண்டர்கள் வீடுதோறும் சென்று ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் கொடுத்து வருகின்றனர். வாசற்படி வரை செல்பவர் காலையும் பார்த்துவிட்டு வருவது தனி யாத்திரை ஆகாது. அண்மை ஆண்டுகளில் "பாதம் பாதுகாப்போம்" என்ற பெயராலும் அரசாங்க வைத்திய நிலையங்களில் நீரிழிவுக்காரரின் கால்களைச் சோதிக்க ஏற்பாடு நடக்கிறது. சங்கங்கள் செய்ய வேண்டுவது இவற்றோடு போட்டியன்று. இவற்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தலும், அனுப்பப்பட்டவர் உண்மையாகவே சென்றாரா என்று பின்தொடர்தலுமாம். வைத்தியசாலைக்குப் போகச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தவரிற் பலர் அன்றைய வருமானம் போகுமென்று போவதில்லை. மகளிர் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அந்த ஒரு நாட் கூலியை வட்டியில்லாக் கைம்மாற்றாகக் கொடுக்க முன்வந்தால், அதனினும் லாபகரமான கடன் அதன் பேரேட்டில் வேறொன்று இருக்க முடியாது. காலிழந்த அங்கத்தினரிடமிருந்து படகுக் கடனை வசூலிக்க முயன்று பார்த்த காரியதரிசிகளுக்கு இது விளங்கும்.

பயிற்சிக்கு எவரை அனுப்புவது? தலைவரின் மருமகன் சும்மா இருக்கிறான், அவனை அனுப்புவோம் என்னும் முறை இங்கு உதவாது. பிறர் காலைத் தொடக் கூசாதவராகவும், ஊரை விட்டுப் போகாதவராகவும், பெண்கள் தயங்காது காலை நீட்டக் கூடியவராகவும் இருத்தல் வேண்டும். ஆகையால் சங்கம் இருவரை அனுப்புவது நலம். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் அவசியம். ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவர் இருந்தால் அவரையும் மூன்றாமவராகச் சேர்க்க வேண்டும். தோலின் போக்கும் அடியின் தேய்மானமும் அவருக்குத் தெரிந்த அளவுக்குப் பட்டதாரிக்குத் தெரியாது. நுண்துளை ரப்பர்த் தகடுகளைச் சங்கமே மொத்தமாக வாங்கி அவரிடம் கொடுத்துத் தைக்கச் செய்தால் விலையும் குறையும், அவருக்கும் தொழில் பெருகும். மீனவருக்கான செருப்பில் குதிகாலின் பின்புறம் வார் இருத்தல் முக்கியம். மரத்த காலிலிருந்து வாரில்லாச் செருப்பு நழுவி விழுந்தாலும் அணிந்தவர் அறியாமலே நடந்து போவார்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையுண்டு. காசிமேட்டில் அந்நாட்களில் படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுகின்றன, ஆட்கள் ஊரில் இருக்கின்றனர், காலும் உலர்ந்திருக்கிறது. முதல் இரு வாரங்களில் ஊழியர் இருவரும் வைத்தியசாலையில் பயிற்சி பெறலாம். எஞ்சிய நாட்களில் தினம் நால்வர் வீதம் சோதித்தால் 144 பேரையும் மறுபடி படகு இறங்குமுன் பார்த்து முடிக்கலாம். சங்க அலுவலகத்தில் ஒரு பெஞ்சு, ஒரு முக்காலி, நல்ல வெளிச்சம், ஒரு கைகழுவும் தொட்டி, ஒரு புத்தகம் ஆகியவை போதும். புத்தகத்தில் பெயர், நீரிழிவு கண்டு எத்தனை வருஷம், ஆறு விரல்களில் உணர்ந்தவை எத்தனை, நாடி உண்டா, முன்பு புண் வந்ததா, எவ்வகைச் செருப்பு, எங்கு அனுப்பப்பட்டார், போனாரா, அடுத்த சோதனைத் தேதி என்று ஒன்பது பத்திகள் இடப்பட வேண்டும். "போனாரா" என்ற பத்தி வெறுமையாயிருக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நிர்வாக சபை அங்கத்தினர் ஒருவர் அந்த வாரத்துக்குள் நேரிற் சென்று வரவேண்டும்.